தாத்தாவைக் கண்டு பேரன் பயப்படுகிறான்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்த என் அண்ணன் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு படங்கள் பார்த்தான். ஒன்று 'சோட்சி' என்ற தென்னாப்பிரிக்கப் படம், இன்னொன்று 'பரியேறும் பெருமாள்'. அதிலிருந்து ஆளே மாறிவிட்டான். அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே என் அப்பாதான். சாரல் விழுந்தால் தாத்தாவும் பேரனும் ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்போது தாத்தாவோடு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறான். அதட்டிக் கேட்டதற்கு, "அந்தப் படத்தில் வர்ற கிழவரும் தாத்தா மாதிரித்தானே இருக்கார்" என்றான். தோட்ட வேலைக்கு வருகிறவருக்கு அப்பா தனி டம்ளர் வைத்திருப்பதையும் சொல்லிக் காட்டினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையின் மனது கெட்டுவிட்டதா? இப்படிப்பட்ட படங்களைத் தடுத்துவிடட்டுமா?
– மு.செ., தென்காசி

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் நேர்ந்துவிடவில்லை. திரையில் கண்டதையும் வீட்டில் காண்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறான். நல்ல பார்வையாளன் செய்கிற காரியம் அது. இந்தப் பயம் தெளியும். தெளிவதற்குப் பெரியவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றில் ஒன்று உங்களுக்குச் சிரமமாக இருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனையோ கொலைப் படம் பார்த்த பிள்ளை இதற்கு மட்டும் ஏன் பயந்தான்? வழக்கமான திரில்லர் படத்தில் (அடுத்து என்ன நடக்குமோ என்ற பதற்றத்திலேயே கதையை நகர்த்தும் படம்) கொலைகாரன் அகப்பட்டதும் நம் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும். கெட்டவன் ஒருவன் இருந்தான், போய்விட்டான், இனி ஊர் நிம்மதியாக இருக்கும் என்று எழுந்து வந்துவிடுவோம். 'பரியேறும் பெருமாள்' அந்த நிம்மதியைத் தரவில்லை. 2018 செப்டம்பரில் வெளிவந்த, மாரி செல்வராஜின் முதல் படம் இது, தயாரித்தவர் பா. ரஞ்சித். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் ஒரு மாணவனுக்கும் மாணவிக்கும் இடையே வளரும் அன்பைச் சொல்லிக்கொண்டே, அடியில் ஒரு தொடர்கொலைக் கதையையும் நடத்திச் செல்கிறது. அந்தக் கொலைகளைச் செய்பவர் ஒரு முதியவர். முகத்தில் வெறி கிடையாது, பேச்சில் அதட்டல் கிடையாது. சாதி மானத்துக்காகச் செய்கிற கடமையென்று நினைத்துச் செய்கிறார். ஒவ்வொன்றும் விபத்தாகவோ தற்கொலையாகவோ தோன்றும்படி பார்த்துக்கொள்கிறார். தண்ணீரில் அமுக்கிக் கொல்லும் காட்சியும் அதில் உண்டு. நம்மூர்ப் பேச்சு, நம்மூர் வெயில், நம் தெருவில் நடக்கிற மாதிரி ஒரு தாத்தா. தாத்தாவின் கையைப் பிடித்து நீந்தப் பழகிய பிள்ளைக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

'சோட்சி' வேறு நாட்டுக் கதைதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் பயம் ஆழப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் 1994 வரை நிறவெறி ஆட்சி (தோலின் நிறத்தைப் பார்த்து உரிமையைப் பங்கிட்ட அரசுமுறை) நடந்தது. யார் எந்த இனம் என்று பதிவுசெய்யவும், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வரையறுக்கவும் 1950இல் சட்டங்களே போட்டார்கள். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களித்த தேர்தலோடு அந்த ஆட்சி ஒழிந்தது. 'சோட்சி' படத்துக்கு மூலமான, ஏதோல் ஃபியூகார்ட் எழுதிய நாவல் 1950களின் ஜோகன்னஸ்பர்க்கில் நடப்பது. இயக்குநர் கேவின் ஹூட் அதை 1994க்குப் பிந்தைய காலத்துக்குக் கொண்டுவந்து 2005இல் படமாக்கினார். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது. தகரக் குடிசைப் பகுதியில் வளர்ந்த ஒரு ரவுடிப் பையன் காரைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. காரைப் பறிகொடுத்தவர்களும் ஒரு கறுப்பினக் குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள். சட்டம் மாறியதும் சிலர் பெரிய கேட் போட்ட வீட்டுக்குப் போய்விட்டார்கள். பலர் தகரக் குடிசையிலேயே தங்கிவிட்டார்கள். அந்த இடைவெளிக்குள்தான் அந்தக் குற்றம் நடக்கிறது.

இரண்டு படங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. கொடுமையைச் சட்டம் ஒழித்துவிட்ட பிறகும், அது ஊட்டி வளர்த்த பழக்கமும் பயமும் ஆத்திரமும் மனிதர்களுக்குள் உயிரோடு இருக்கின்றன. நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டம் வந்தது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் கொடுமை ஓயவில்லை. தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981இல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகளை உங்கள் மகனும் பார்த்திருப்பான். அவன் பயத்துக்குப் படம் மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள்.

இனி, என்ன செய்யலாம்?

ஒன்று, படத்தைத் தடுக்காதீர்கள். தடுத்தால் பிள்ளை தனியாகப் பார்ப்பான், தனியாகவே பயப்படுவான். 'பரியேறும் பெருமாள்' படத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பகலில், நடுநடுவே நிறுத்திப் பேசிக்கொண்டே பாருங்கள். அந்த முதியவருக்கு என்ன முடிவு வருகிறது, அடிபட்ட மாணவன் பழிவாங்காமல் என்ன கேட்கிறான், மாணவியின் அப்பா எந்த இடத்தில் தலைகுனிகிறார் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பயந்தவன் பாதிப் படத்தைத்தான் பார்த்திருப்பான். மீதியில் ஆறுதல் இருக்கிறது.

இரண்டு, "அதெல்லாம் சினிமா, நிஜத்தில் நடக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்திருக்கிறது. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்த பொறியியல் பட்டதாரி இளைஞனின் சாவு முதலில் தற்கொலை போலத் தோன்றியது. ஆனால் அது சாதிக்காகச் செய்த கொலை. திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு முக்கியமான சாட்சியமானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்களில் 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது, மற்ற இருவரின் தண்டனையைக் குறைத்தது. இந்த வழக்கை முழுதாகச் சொல்லுங்கள். கொலை மறையவில்லை, தாயின் போராட்டமும் வழக்கறிஞர்களின் உழைப்பும் அதை வெளியே கொண்டுவந்தன என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று, அருவியைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். அங்கே உண்மையிலேயே அஞ்ச வேண்டியது திடீர் வெள்ளத்துக்கு. மலைமேல் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. போலீசார் குளிக்கத் தடை போட்டால் கேட்டு நடக்க வேண்டும். தண்ணீர் அளவாக விழும் நாளில் தைரியமாக இறங்கலாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

நான்கு, தூக்கமோ சாப்பாடோ குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பள்ளிக்குப் போக மறுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவதுதான் சிரமமானது. உங்கள் அப்பாவிடம் அந்த டம்ளரைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். உங்கள் அப்பா கொலைகாரர் அல்ல, அன்பான மனிதர். மகனிடம் அதை அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் அவன் கேட்ட கேள்வி நியாயமானது. தேநீர்க் கடையில் தனி டம்ளர் வைத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டு அடுக்களைக்குள் அதை எடுத்துப் போட வேண்டியவர்கள் வீட்டு மனிதர்கள்தான். அப்பாவைக் குற்றவாளியாக நிறுத்திப் பேசாதீர்கள். "பேரன் உங்களைப் பார்த்துப் பயப்படுறான்ப்பா, காரணம் இந்த டம்ளர்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர் அந்தச் சொல்லைத் தட்டிவிட மாட்டார் என்று நம்புகிறேன். அவர் ஒப்புக்கொள்ள நாளானாலும், நீங்கள் பரிமாறும் வேளையில் எல்லோருக்கும் ஒரே டம்ளரில் கொடுங்கள். தோட்டக்காரரைப் பெயருக்கு மரியாதை சேர்த்துக் கூப்பிடுங்கள். மகன் பார்த்துக்கொண்டிருப்பான்.

'பரியேறும் பெருமாள்' படத்தின் கடைசியில் அருகருகே இரண்டு தேநீர்க் கிளாஸ்கள் வைக்கப்பட்டிருப்பதை அவனுக்குக் காட்டுங்கள். இயக்குநர் கேட்பது அவ்வளவுதான் என்று உங்கள் மகன் ஏற்கெனவே புரிந்துகொண்டுவிட்டான் என நினைக்கிறேன். அதை வீட்டில் செய்துகாட்டினால் தாத்தாவும் பேரனும் அடுத்த சாரலுக்குச் சேர்ந்தே கிளம்புவார்கள். அவன் தேறியதும் மறுபடி எழுதுங்கள்.