கல்லும் ஏடும்

செஞ்சி என்றவுடன் குன்றுகளை இணைத்து நிற்கும் பெருங்கோட்டையே பலர்க்கும் நினைவுக்கு வரும். அக்கோட்டைக்கு வடக்கே சிறிது தொலைவில் சிங்கவரம் என்னும் சிற்றூர் உள்ளது. பள்ளிகொண்ட பெருமாள் எழுந்தருளியுள்ள பழைய குடைவரைக் கோயிலால் புகழ்பெற்றது அவ்வூர். அதனை அடுத்து, ஆரவாரம் ஏதுமின்றி அமைந்திருப்பது திருநாதர்குன்று. கோட்டையைக் கட்டிய அரசர்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்குன்றில் சமண முனிவர்கள் தவம் இயற்றினர்.

குன்றின் உச்சியில் உள்ள பெரும்பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் அவை விளங்குகின்றன. அருகே ஒரு கற்பாறையில் சில வரிகளே கொண்ட பழைய கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் துறந்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவிடம் இது என்பதே அது கூறும் செய்தி. இதனை ஏறத்தாழக் கி.பி. ஆறாம் நூற்றாண்டினது என அறிஞர் கருதுவர். நோன்பிருந்து உயிர் நீத்த இடத்தை நிசீதிகை என்பது சமணர் வழக்கு. முப்பது நாள் நோன்பு நோற்ற இளையபட்டாரர் என்னும் மற்றொரு முனிவரைப் பற்றிய பிற்காலக் கல்வெட்டும் இக்குன்றில் உண்டு.

அம்முனிவர் ஏன் அவ்வாறு நோற்றார்? இதற்குக் கல்லில் விடை இல்லை. பெயரையும் நாளின் தொகையையும் கூறியதோடு கல் நின்றுவிடுகிறது. நோன்பின் பொருளை அறிய வேண்டுவோர் கல்லை விட்டு ஏட்டை நாட வேண்டும்.

சமண தத்துவத்தைச் சுருங்கக் கூறும் தலையாய வடமொழி நூல் தத்துவார்த்த சூத்திரம். உமாசுவாமி என்னும் ஆசிரியர் இயற்றிய இந்நூல் பத்து இயல்களை உடையது. அது தத்துவங்களை ஏழாக வகுக்கின்றது. உயிர் இயல்பிலேயே அறிவும் இன்பமும் நிறைந்தது. உயிரல்லாத பொருள் அதனின் வேறானது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் செயல்களால் நுண்ணிய வினைப்பொருள் உயிரிடத்து வந்து சேர்கின்றது, இஃது ஊற்று. சேர்ந்த வினை உயிரைப் பிணிப்பது கட்டு. அடக்கத்தால் புதுவினை வாராமல் தடுப்பது செறிப்பு. பழவினையைத் தவத்தால் கழியச் செய்வது உதிர்ப்பு. எல்லா வினையும் நீங்கிய தூய நிலையே வீடு. ஓட்டை விழுந்த தோணியை இதற்கு உவமையாகக் கூறலாம். முதலில் ஓட்டையை அடைத்தல் வேண்டும். பின்னர் உள்ளே புகுந்த நீரை இறைத்தல் வேண்டும். அதன் பின்னரே தோணி கரை சேரும்.

வடமொழியில் ஆசிரவம், பந்தம், சம்வரம், நிர்ச்சரை என வழங்கும் கடினமான சொற்களுக்கு, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என உழவரும் உணரத்தக்க சொற்களைத் தமிழ்ச் சமணர் அமைத்துக் கொண்டனர். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளும் அவ்வாறே தமிழாயின. கடன் வாங்கியதை உரிமையாக்கிக் கொள்ளும் திறம் இதுவன்றோ!

இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் வடமொழி நூல்களுள் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டகம் சிறந்தது. நூற்றைம்பது சுலோகங்களால் ஆன இந்நூலில் சல்லேகனை என்னும் இறுதி நோன்பு விளக்கப்படுகின்றது. தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, மாறாத நோய் ஆகியவை நேர்ந்த காலத்தில், அறத்தின் பொருட்டு உடலைத் துறத்தலே அந்நோன்பு என்பது நூலின் கருத்து. பகையையும் பற்றையும் விட்டு, யாவரிடத்தும் பிழை பொறுக்க வேண்டி, தாமும் பிறர் பிழை பொறுத்த பின்னரே அதனை மேற்கொள்ள வேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. சாவை விரும்புதலும் வாழ்வை விரும்புதலும் ஒருங்கே அந்நோன்புக்குக் குற்றங்களாம். இவற்றை அறிந்த பின்னர்த் திருநாதர்குன்றின் சில வரிகள் புதிய பொருள் தருகின்றன. ஐம்பத்தேழு என்பது வெறும் எண்ணன்று; ஒரு கோட்பாட்டின்படி இறுதிவரை வாழ்ந்த ஒருவரின் உறுதியைக் காட்டும் அளவு அது. இரத்தினகரண்டகத்தின் கருத்துகளைத் தழுவித் தமிழில் அமைந்த நூல் அருங்கலச்செப்பு.

சமணர் ஒரு மொழியை மட்டும் பற்றி நின்றவர் அல்லர். மக்கள் பேசிய பிராகிருதத்திலும், கற்றோர் வாதிட்ட வடமொழியிலும், தாம் வாழ்ந்த நாட்டின் மொழியிலும் அவர்கள் எழுதினர். தமிழ்நாட்டில் வடமொழியை எழுதக் கிரந்த எழுத்துப் பயன்பட்டது. வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் விரவிய மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம், அறுபத்து மூன்று பெருமக்களின் வரலாற்றைக் கூறுகின்றது. ஜினசேனரும் குணபத்திரரும் வடமொழியில் இயற்றிய மகாபுராணமே அதற்கு முதனூல்.

ஒரு மொழியில் அழிந்த நூல் மற்றொரு மொழியில் பிழைத்திருப்பதும் உண்டு. உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்னும் நூல் அதற்குச் சான்று. காஞ்சி அரசன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் அதனை எழுதினார் என்று அந்நூலே கூறுகின்றது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458 ஆகும். பாடலிகை என்பது இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பர் ஆராய்ச்சியாளர். சர்வநந்தியின் மூலநூல் இன்று இல்லை. சிம்மசூரி என்பவர் வடமொழியில் மாற்றி எழுதிய நூலே எஞ்சியுள்ளது. சுழியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறை அதில் ஆளப்பட்டுள்ளமையால், கணித வரலாற்று அறிஞரும் அதனைப் போற்றுகின்றனர். சிம்மசூரி அன்று எழுதுகோலை எடாதிருந்தால், அச்செய்தி அனைத்தும் மறைந்திருக்கும்.

ஏட்டின் வாழ்நாள் குறுகியது. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தைத் துலங்கச் செய்தாலும், நம் நாட்டின் வெம்மையும் ஈரமும் அதனை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. செல்லும் பூச்சியும் அரிக்கும், நுனி முறியும், துளையிட்ட இடம் கிழியும். சில நூற்றாண்டுகளுக்குள் மறுபடி எழுதப்படாத நூல் மறைந்துபோகும். ஆதலின் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு கல்வியையும் சேர்த்து நால்வகைத் தானங்களாகச் சமணர் போற்றினர். ஏடு எழுதுவித்துத் துறவியர்க்கு அளித்தல் கல்வித் தானமாயிற்று. பெயர் தெரியாத எத்தனையோ கைகள் எழுதி எழுதி நீட்டித்த வாழ்வே இந்நூல்களின் வாழ்வு.

செஞ்சி வட்டாரத்திலேயே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். அம்மடத்தின் தலைவர் லட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரால் வழங்கப் பெறுவார். பார்சுவநாதர் கோயிலும், மல்லிநாதர் கோயிலும் அங்கு உள்ளன. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளின் சிற்றூர்களில் வாழும் சமணக் குடும்பத்தார், கோயிலைப் போலவே ஏட்டையும் வழிபாட்டுக்கு உரியதாகக் கருதி வந்தனர்.

எனினும், வழிபடுதல் வேறு, கற்றல் வேறு. கன்னட நாட்டு மூடபித்திரியில், சட்கண்டாகமம் என்னும் பழம்பெரும் பிராகிருத நூலும், தவளம் என்னும் அதன் உரையும் பனையோலையில் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டன. வேறெங்கும் அவை எஞ்சவில்லை. ஆயினும் நெடுங்காலம் அவ்வேடுகள் கண்டு வணங்கும் பொருளாகவே இருந்தன. எடுத்துக் கற்பார் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் படி எடுக்கும் முயற்சி தொடங்கிற்று. 1939-ஆம் ஆண்டு முதற்பகுதி அச்சில் வெளிவந்த பின்னரே உலகம் அதனைப் படித்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று கும்பகோணத்தில் நடந்தது. அங்குக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். ஏடு கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆயினும் சமண சமயக் குறியீடுகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர்கள் அந்நூலைத் தொடர்ந்து ஓதியும் கேட்டும் வந்தனர். சைவராகிய ஐயர் அவர்கள் இல்லம் சென்று ஐயம் கேட்டார். அவர்களும் வேற்றுமை பாராது விளக்கினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஏட்டில் இருந்த சொல்லுக்கு, உயிரோடிருந்த ஒரு மரபு பொருள் தந்தது. பின்னாளில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையுடன் 1936-இல் பதிப்பித்தார்.

இன்று ஏடுகளை ஒளிப்படம் எடுத்துக் கணினியில் சேமிக்க இயலும். செல்லுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கிரந்த எழுத்தைப் படிக்க வல்லார் குறைந்து வருகின்றனர். படிப்பார் இல்லாத படம், பூட்டிய பெட்டிக்குள் இருந்த ஏட்டினின்றும் எவ்வகையில் வேறாகும்? பழைய எழுத்தையும் பழைய மொழியையும் கற்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும், அன்று படி எடுத்தோர் செய்த தொண்டினைத் தொடர்பவர் ஆவர்.

திருநாதர்குன்றின் பாறை வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றது. கல் தானே நிற்கும்; ஏடு தானே நில்லாது. அதனை எழுதவும், ஓதவும், பொருள் உணர்த்தவும் மனிதர் வேண்டும். அவர்கள் உள்ளவரையில்தான், ஐம்பத்தேழு நாள் நோற்ற முனிவர் எதன் பொருட்டு நோற்றார் என்பது உலகிற்கு விளங்கும்.