வயலோரம் யாருக்கு?

வேதபாடம்: லேவியராகமம் 23:22, ரூத் 2-ஆம் அதிகாரம்



ஒரு நாள் வார்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் காலில் இருந்த சர்க்கரைப் புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஐயா, வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. எனக்கு நாகூர்க் கடைத்தெருத் திண்ணைதானே ஐயா வீடு?" என்றார்.

புண்ணில் ஈரம் படக்கூடாது, தினமும் கட்டு மாற்ற வேண்டும், இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். இவையெல்லாம் வீடு உள்ளவனுக்குச் சொல்லும் புத்திமதிகள். திண்ணையில் படுப்பவர் சில வாரங்களில் அதே புண்ணோடு திரும்பி வருகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகம்.

இவர்களுக்காக நம் சபைகள் என்ன செய்யலாம்? நமக்குப் பழக்கமான அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்வோம். நெல், வாழைத்தார், பூசணிக்காய், கோழி, வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் ஆலய வளாகத்தில் வந்து குவியும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று ஏலம் ஏறும்போது தாத்தா முதல் பேரன்வரை கூடி நிற்பார்கள். ஓர் எலுமிச்சம்பழம் நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் கொடுக்க, மறுபடியும் ஏலம் ஏறும். அந்த ஏலத்தில் ஒரு பங்கை வீடற்றவர்களுக்கென்று ஒதுக்கினால் என்ன? போவாஸின் வயல் நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கிறது.

முதலாவது, பங்கு முன்னதாகவே ஒதுக்கப்படுகிறது. வயலோரத்தை அறுக்காமல் விடும்படி பிரமாணம் கட்டளையிட்டது. எல்லாவற்றையும் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்தபின் மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. ஓரத்தை விட்டு அறுப்பது வேறு. நம் தஞ்சைச் சீமையில் அறுவடை இயந்திரம் வந்தபின், பொறுக்குவதற்குக் கதிர் அதிகம் விழுவதில்லை. ஆகையால் ஓரத்தை நாமே தெரிந்து விட வேண்டும். "எந்தப் பொருளின் ஏலத் தொகை அவர்களுக்கு?" என்பதை முதல் கேள்வி கேட்குமுன் சபையார் அறிவிக்கட்டும், பின்பு கணக்கையும் வாசிக்கட்டும்.

இரண்டாவது, ரூத் வெட்கப்படவில்லை. அவளைக் கண்டிக்க வேண்டாம் என்று போவாஸ் வேலைக்காரருக்குச் சொன்னான். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிடவும் சொன்னான். வீடற்ற ஒருவரை மேடையில் நிறுத்திப் படம் எடுத்துப் பணம் திரட்டுவது அதற்கு நேர்மாறானது. போவாஸ் ரூத்தைத் தன் பந்தியிலும் சேர்த்துக்கொண்டான். நம் பண்டிகை விருந்திலும் அவர்களுக்கு இலை போடுங்கள், பிள்ளைகள் பரிமாறட்டும். கொடுப்பது எப்படி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அதுவே.

மூன்றாவது, ரூத் அந்நிய ஜாதியாள். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் என்பதை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வீடு வாசலோடு இருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் வீடற்றவர் ஆனார்கள். அன்று எந்த மதத்தார் என்று கேட்டா கதவுகள் திறந்தன? ஆகவே அண்டை வீட்டாரையும் ஏலத்துக்கு அழையுங்கள்.

பெரிய நகரங்களில் பெரிய நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மனநலம் குன்றி வீதியில் அலையும் பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்புக்கு உதவ, 2006-இல் மணிரத்னம் "நேற்று இன்று நாளை" என்ற மேடை நிகழ்ச்சியை இயக்கினார். நம்மிடம் நட்சத்திரங்கள் இல்லை, எலுமிச்சம்பழம் இருக்கிறது. ஒரு மாத அறை வாடகை, கட்டுத்துணி, சொந்த ஊருக்குப் பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு அது போதும்.

ரூத் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. அது அவளுக்கும் நகோமிக்கும் உணவாயிற்று.

சிந்திக்க:
1. நம் குடும்பத்தின் வரவில் "வயலோரம்" எது?
2. நம் தெருவில் இரவு வெளியே படுப்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா?
3. இந்த ஆண்டுப் பண்டிகையில் எதை அவர்களுக்கென்று ஒதுக்குவோம்?

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்