ஏலக்காய் விலையும் நாள் அச்சும்: கட்டளை வரியில் வரைபடம் வரைவோம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அதற்காக நம் மாணவர்கள் அளவுத்திட்டம் எழுதவும் புள்ளி குறிக்கவும் நன்றாகவே பழகிவிடுகிறார்கள். ஆனால் நாளிதழில் வரும் விலை வரைபடம் ஒன்றைக் காட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டால் தயங்குகிறார்கள். பாடநூல் வரைபடம் சமன்பாட்டிலிருந்து பிறக்கிறது. ஊரில் எண்கள் நாளோடு சேர்ந்து வருகின்றன. இப்படி நாள்வாரியாகக் குறிக்கப்படும் எண்களே காலத்தொடர் தரவு. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இது பாடமாகவே வருகிறது. அதற்கு முன்பே, எட்டாம் வகுப்பிலிருந்தே இதைப் பழக்கலாம்.

நான் ராசிங்காபுரத்தில் கணிதம் கற்பிக்கிறேன். இங்கே பல பெற்றோர் அதிகாலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள். சில வீடுகளுக்குச் சிறு தோட்டமும் உண்டு. "காய் விலை ஏறிருச்சாம்" என்பது எங்கள் மாணவர்கள் தினமும் கேட்கும் பேச்சு. எனவே வகுப்புக்கான தரவை வெளியே தேட வேண்டியதில்லை. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின் ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. ஏல நாள், வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் வெளியிடுகிறது.

எந்தக் கருவி?

நான் பயன்படுத்துவது நியூபிளாட். 1986இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இலவச மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இயங்கும். நிறுவியபின் இணையம் தேவையில்லை. இதில் சுட்டியால் எதையும் இழுக்க வேண்டாம். கட்டளைகளை எழுதினால் போதும்.

எக்செல் இருக்கும்போது இது எதற்கு? கட்டளை எழுதும் மாணவர் தன் முடிவுகள் அனைத்தையும் எழுத்தில் வைக்கிறார். எந்த அச்சில் எது, அச்சு எங்கே தொடங்குகிறது, புள்ளிகளை இணைத்தாரா என்பதை நாம் வரிவரியாகப் படித்துத் திருத்தலாம். அடுத்த வாரம் புதிய விலையை ஒரு வரியாகச் சேர்த்து அதே கட்டளைக் கோப்பை மீண்டும் இயக்கினால் புதிய வரைபடம் வந்துவிடும்.

தரவுக் கோப்பு

நோட்பேடில் ஒரு நாளுக்கு ஒரு வரி. முதலில் நாள், பிறகு காற்புள்ளி, பிறகு சராசரி விலை. நாளை ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையில் எழுதச் சொல்லுங்கள்: 2019-08-03 என்பதுபோல. இவ்வாறு எழுதினால் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

ஒரே நாளில் இரண்டு ஏலங்கள் நடந்திருந்தால் என்ன செய்வது? இங்கே நல்ல கணக்கு ஒன்று கிடைக்கிறது. பயிற்சிக்காக, முதல் ஏலத்தில் 20,000 கிலோ 2,000 ரூபாய் சராசரியிலும், இரண்டாவதில் 60,000 கிலோ 2,400 ரூபாய் சராசரியிலும் விற்றதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,200. ஆனால் மொத்தத் தொகையான 18.4 கோடி ரூபாயை 80,000 கிலோவால் வகுத்தால் 2,300. எது சரி என்ற விவாதத்திலேயே நிறையிட்ட சராசரி புரிந்துவிடும்.

கட்டளைகள்

கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

1. செட் டேட்டாஃபைல் செபரேட்டர்: இதன்பின் மேற்கோள் குறிக்குள் ஒரு காற்புள்ளி. எண்களைப் பிரிப்பது எது என்று சொல்கிறோம்.

2. செட் எக்ஸ்டேட்டா டைம்: கிடை அச்சில் இருப்பது காலம். (எக்ஸ், டேட்டா இரண்டும் சேர்ந்தே வரும்.)

3. செட் டைம்எஃப்எம்டி: டைம் என்பதோடு எஃப், எம், டி என்ற மூன்று எழுத்துகள் ஒட்டி வரும். பிறகு மேற்கோள் குறிக்குள் நாளின் வடிவம்: சதவீதக் குறியுடன் பெரிய ஒய், இடைக்கோடு, சதவீதக் குறியுடன் சிறிய எம், இடைக்கோடு, சதவீதக் குறியுடன் சிறிய டி. பெரிய எம் போட்டால் அது மாதமல்ல, நிமிடம்.

4. பிளாட்: மேற்கோள் குறிக்குள் கோப்பின் பெயர், பிறகு யூசிங் 1:2 வித் லைன்ஸ்பாயின்ட்ஸ். முதல் நிரலைக் கிடை அச்சிலும் இரண்டாம் நிரலைக் குத்து அச்சிலும் கொண்டு, புள்ளி வைத்துக் கோடு இணை என்பது பொருள்.

இரண்டாம், மூன்றாம் கட்டளைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள். 2019-08-03 என்பதைக் கணினி 2019 என்ற எண்ணாக மட்டுமே படிக்கும். அந்த ஆண்டின் புள்ளிகள் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கி நிற்கும். நாள் என்பது என்னவென்று கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும் என்பது அப்போது பதியும்.

வரைபடத்தைக் கேள்வி கேட்போம்

கோடு திரையில் வந்ததும் பாடம் முடிவதில்லை. நான் வகுப்பில் நான்கு கேள்விகள் கேட்கிறேன்.

குத்து அச்சு எங்கே தொடங்குகிறது? விலை 2,300இலிருந்து 2,400க்குப் போனால் உயர்வு ஏறத்தாழ 4 சதவீதம்தான். ஆனால் தரவுக்கேற்ப மென்பொருளே அச்சைச் சுருக்கிக்கொள்வதால், அது போடிமெட்டு ஏற்றம்போலத் தெரியும். செட் ஒய்ரேஞ்ச் கட்டளையால் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் அதே கோடு கிட்டத்தட்டச் சமதளம். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

இடைவெளியில் என்ன இருக்கிறது? ஏலம் நடக்காத நாளில் விலை இல்லை. ஆனாலும் கோடு அந்த நாளைக் கடந்து போகிறது. புள்ளிகளே உண்மை, கோடு நாம் சேர்த்தது. தரவுக் கோப்பில் ஒரு வெற்று வரி விட்டால் கோடு அங்கே அறுந்துவிடும். மழையளவுக்குக் கோடே பொருந்தாது. வித் இம்பல்சஸ் என்று கொடுத்தால் ஒவ்வொரு நாளும் தனிக் குச்சியாக நிற்கும்.

எந்த விலை? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் தொட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அது அதிகபட்ச விலை, அதாவது மிகச் சிறந்த காய்க்குக் கிடைத்தது. அன்றைய சராசரி அதைவிட மிகவும் குறைவு. இரண்டையும் ஒரே படத்தில் இரு கோடுகளாக வரைந்தால் இடையிலுள்ள தூரம் கண்ணுக்குத் தெரியும். சிறு தோட்டக்காரர் காயை விற்பதா, இருப்பு வைப்பதா என்று முடிவெடுக்கும்போது அவர் பார்க்க வேண்டியது எந்தக் கோடு? இந்தக் கேள்விக்கு மாணவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்லட்டும். விலைக் கோடு ஏறினால் கூலிக் கோடும் உடன் ஏறுமா என்றும் கேளுங்கள். அதற்கு வேறு தரவு வேண்டும் என்று அவர்களே உணர்வார்கள்.

ஏன் ஏறியது? 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம்; அடுத்த ஆண்டில் விலை உச்சம். வரைபடம் எப்போது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. காரணத்தை வரத்து, பயிர்ச்சேதம் பற்றிய தகவல்களோடு சேர்த்தே தேட வேண்டும்.

தொடக்க வகுப்புகளில்

கணினி இல்லாமலும் இதே பழக்கத்தைத் தொடங்கலாம். சுவரில் ஒரு கட்டத்தாள் ஒட்டி, நாள்தோறும் நண்பகல் வெப்பநிலையையோ வகுப்பின் வருகை எண்ணிக்கையையோ குழந்தைகள் குறிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கட்டம் விட்டு, அதைக் காலியாகவே வையுங்கள். வருகையில் எண்ணிக்கை மட்டும் போதும், யாருடைய பெயரும் வேண்டாம். காய் எடுக்கும் மாதங்களில் எண்ணிக்கை குறைந்தால், பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு நம் கையில் சான்று இருக்கும்.

மதிப்பீடு

வரைபடத்தின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். கட்டளைக் கோப்பையும், வரைபடம் சொல்வது ஒன்று, சொல்லாதது ஒன்று என இரு வாக்கியங்களையும் கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தை எழுதத் தெரிந்த மாணவர் நாளை எந்த விலைப் பேச்சையும் எளிதில் நம்பிவிட மாட்டார். உங்கள் பகுதியில் அது மல்லிகையாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம், அணையின் நீர்மட்டமாகவும் இருக்கலாம். நாளும் எண்ணும் சேர்ந்து கிடைக்கும் இடமெல்லாம் இந்தப் பாடத்தை நடத்தலாம்.