அடி தெரிந்தால் போதுமா? வீட்டு நீச்சல் தொட்டிப் பராமரிப்பு

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் நம் வீட்டு மொட்டை மாடிகளில் காற்றடைத்த நீச்சல் தொட்டிகள் முளைத்துவிடுகின்றன. வசதியுள்ளவர்கள் தோப்பு வீட்டில் சிமெண்டுத் தொட்டியே கட்டியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு சிலர் ஜக்கூசி எனப்படும் வெந்நீர்த் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் பார்க்க நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "அடி தெரிகிறதே, சுத்தமாகத்தான் இருக்கிறது" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. அடி தெரிவது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு.

2024-ஆம் ஆண்டு பக்கத்து மாநிலமான கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் பிள்ளைகள் சிலர் இறந்தார்கள். நெக்லீரியா ஃபௌலரி என்ற இந்த அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. இது கலந்த தண்ணீரைக் குடிப்பதால் இந்த நோய் வருவதில்லை. மூக்கு வழியாக ஏறும் தண்ணீரில்தான் அது மூளைக்குப் போகிறது. நோய் மிக அரிது. வந்தவர்களில் பிழைத்தவர்கள் அதைவிட அரிது. அதே ஆண்டில் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கியதே அதற்குக் காரணம். 2025-இல் கேரள அரசு கிணறுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குளோரின் இடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தியது.

நமக்கு இதில் இன்னொரு கவனமும் தேவை. கராச்சியில் இந்த நோய் வந்தவர்களில் பலர் நீச்சல் குளத்துப் பக்கமே போகாதவர்கள். குளோரின் போதாத குழாய்த் தண்ணீரில் உளூச் செய்து மூக்குக்குத் தண்ணீர் செலுத்தியதே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். எனவே வீட்டு மேல்தொட்டிக்கும் பள்ளிவாசல் ஹவுளுக்கும் குளோரின் விஷயத்தில் அலட்சியம் கூடாது. தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால், மூக்குக்குச் செலுத்த மட்டுமாவது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தொட்டிக்கு வருவோம். நீச்சல் தொட்டித் தண்ணீரில் எந்நேரமும் கட்டற்ற குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டிக்கு 3 வேண்டும், ஏனென்றால் சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். வெயிலிலும் அப்படித்தான். காலையில் போட்டது மாலையில் இருக்காது.

எவ்வளவு போடுவது? 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்துக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 384 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 10,900 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேர்க்க 22 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 73 கிராம் பவுடர். ஆனால் வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையில் அந்த 30 சதவீதம் இருக்காது. தண்ணீரில் அழுக்கு இருந்தாலும் குளோரினில் ஒரு பங்கை அது தின்றுவிடும். ஆகவே போட்டுவிட்டு அளந்து பார்க்காமல் விடக்கூடாது. தண்ணீர் மஞ்சளாக மாறும் பழைய சொட்டு மருந்து மொத்தக் குளோரினையே காட்டும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரையே நமக்கு வேண்டியது.

கூடவே பிஎச் அளவையும் பாருங்கள். 7.2-இல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வீரியமாக வேலை செய்கிறது. 8-க்குப் போனால் கால் பங்குதான். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் காரமுமாக இருப்பது. பிளீச்சிங் பவுடர் அதை இன்னும் ஏற்றிவிடும். "இவ்வளவு போட்டும் பாசி பிடிக்கிறதே" என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருங்கள்.

மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் வாடை. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பி, குளிக்கவைத்துவிட்டு இறக்கினால் பாதித் தொல்லை தீரும்.

மருந்தைக் கையாள்வதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். எங்களோடு பணி செய்யும் ஒருவர், கழிப்பறை ஆசிட் மிச்சமிருந்த வாளியிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டார். குப்பென்று கிளம்பிய புகையில் மூச்சு முட்டி, அன்று முழுவதும் இருமிக்கொண்டே இருந்தார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு. பிளீச்சிங் பவுடரும் நீச்சல் குளக் குளோரின் மாத்திரையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஆளில்லாத நேரத்தில் ஊற்றுங்கள்.

காற்றடைத்த சிறு தொட்டிக்கு இத்தனை கணக்கு வேண்டாம். அன்றன்றே கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நேற்றைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். வெந்நீர்த் தொட்டி 40 டிகிரியைத் தாண்டக்கூடாது; ஐந்து வயதுக்குட்பட்டவர்களை அதில் இறக்கவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

தோப்பு வீட்டுத் தொட்டிக்கு நான்கு பக்கமும் வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் போடுங்கள். சின்னப் பிள்ளை சத்தமே இல்லாமல் மூழ்கும். நாம் கைப்பேசி பார்த்து நிமிரும் நேரம் அதற்குப் போதும்.

குளித்த இரண்டு வாரங்களுக்குள் பிள்ளைக்குக் காய்ச்சலுடன் கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம் என்று ஏதாவது வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கே, எந்தத் தண்ணீரில், எத்தனை நாளைக்கு முன் குளித்தது என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.