மாத்திரை குடலுக்கு, ஆபத்து காதுக்கு: நியோமைசின் பற்றி ஒரு பாடம்

காயத்துக்குப் போடுற ஆயின்மென்ட் ட்யூபைத் திருப்பிப் பாருங்க. பல பிராண்டுகளில் 'நியோமைசின்' என்ற பெயர் இருக்கும். 1949-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனும் லெஷவாலியேவும் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபயாடிக் இது. அமினோகிளைகோசைடு குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கிட்டு, புரோட்டீன் தயாரிப்பைக் கெடுத்துவிடும்.

இதுக்கு மாத்திரை வடிவமும் உண்டு. ஆனா மாத்திரையா விழுங்கினா சுமார் 3 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். காரணம், இந்த மூலக்கூறுக்கு பாசிட்டிவ் சார்ஜ் அதிகம். குடல் சுவரின் கொழுப்புப் படலத்தைத் தாண்ட முடியாது. மீதி எல்லாம் மலத்தோட வெளியே போயிடும்.

அப்போ எதுக்கு இந்த மாத்திரை? வேலையே குடலுக்குள்ள இருக்கும்போதுதான். ரெண்டு இடங்களில் பயன்படுது.

ஒன்று, பெருங்குடல் ஆபரேஷனுக்கு முந்தின நாள். எரித்ரோமைசின் மாதிரி இன்னொரு மருந்தோட சேர்த்துக் கொடுத்து, குடலில் இருக்கும் பாக்டீரியாவைக் குறைப்பாங்க.

இரண்டு, கல்லீரல் செயலிழந்து மூளை குழம்பும் நிலை. குடல் பாக்டீரியா அம்மோனியாவை உருவாக்கும். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாத்திடும். கெட்டுப்போன கல்லீரலால் முடியாது. அம்மோனியா மூளை வரைக்கும் போகும். பாக்டீரியாவைக் குறைச்சா அம்மோனியாவும் குறையும்.

3 சதவீதம்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும். கணக்கு போட்டுப் பார்ப்போம். கல்லீரல் நோய்க்கு ஒரு நாளைக்கு 4 முதல் 12 கிராம் வரை கொடுப்பது உண்டு. 12 கிராமில் 3 சதவீதம் 360 மில்லிகிராம். குடலில் புண் இருந்தா இன்னும் கூடுதலா உள்ளே போகும். ரத்தத்துக்குள் போனது வெளியேற ஒரே வழி சிறுநீரகம். அது பலவீனமா இருந்தா மருந்து தேங்கும். தேங்கினா சிறுநீரகத்தையே கெடுக்கும், உள்காதின் முடி செல்களையும் கொல்லும். மனிதர்களுக்கு அந்தச் செல்கள் திரும்ப வளராது. மாத்திரையை நிறுத்திய பிறகும் காது கேட்காமல் போகலாம். மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு சிக்கல். கல்லீரல் நோயாளிக்கு வயிற்றில் நீர் கோர்த்தா ஃப்யூரோசமைடு கொடுப்பாங்க. அதுவும் காதைப் பாதிக்கக்கூடிய மருந்துதான். யாருக்கு நியோமைசின் தேவைப்படுதோ, அவங்களுக்கே ரிஸ்க்கும் அதிகம். அதனாலதான் இன்று லாக்டுலோஸ், ரிஃபாக்சிமின் முன்னுக்கு வந்திருக்கு. நியோமைசினைக் கொடுத்தாலும் குறைந்த நாட்களுக்கு, சிறுநீரகத்தையும் காதையும் டெஸ்ட் பண்ணிக்கிட்டே கொடுக்கணும்.

வீட்டில் யாராவது இதைச் சாப்பிடும்போது "காதுல ஙொய்ன்னு சத்தம் கேக்குது", "தலை சுத்துது", "யூரின் சரியா போகல"ன்னு சொன்னா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.