நகர்ந்த நிலமும் நிலைத்த உயிர்களும்

நுழையும்முன்

புதுச்சேரி என்றவுடன் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர் வீடுகளும் நினைவுக்கு வரும். சற்றே பின்னோக்கிச் சென்றால் அரிக்கமேட்டின் மணிகளும் ரோமானிய மட்கலங்களும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைச் சொல்லும். அந்நகரைச் சூழ்ந்த மண்ணும் பாறையும் சொல்லும் வரலாறு அதனினும் மிகப் பழையது. இந்திய நிலத்தின் உயிரினங்கள் எவ்வெச் சூழல்களைக் கடந்து இன்றைய நிலையை அடைந்தன என்பதை அவற்றின் துணையோடு அறிவோம்.

வழுதாவூரில் ஒரு கடல்

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்று நெல்லும் கரும்பும் விளைகின்றன. அந்நிலத்தின் கீழுள்ள பாறைகளோ கடல்வாழ் உயிரிகளின் ஓடுகளால் நிறைந்தவை. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இத்தகைய புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது என்பதற்கு இப்பாறைகளே சான்று.

அக்கடலில் பெருகி வாழ்ந்தவை அம்மோனைட்டுகள். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடுடைய இவை, இன்றைய கணவாய்க்கு உறவினவாகும். 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய மெக்சிகோ நாட்டின் கரையோரம் ஒரு பெருஞ்சிறுகோள் மோதியது. அதே காலத்தை ஒட்டி மேற்கு இந்தியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் பாய்ந்தது. இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் தக்காணத்தை மூடியிருக்கும் கரும்பாறை அக்குழம்பு உறைந்ததே. டைனோசர்கள் அழிந்தன, அம்மோனைட்டுகளும் அழிந்தன.

இங்கே வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. அம்மோனைட்டைப் போன்றே சுருண்ட ஓடுடைய நாட்டிலஸ் பிழைத்துக்கொண்டது; இன்றும் ஆழ்கடலில் வாழ்கிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடலின் மேற்பரப்பில் மிதந்து நுண்ணுயிரிகளை உண்டு வளர்ந்தவை. கதிரொளி மறைந்து மேற்பரப்பின் உணவு அற்றபோது அவை மடிந்தன. நாட்டிலஸ் இடும் முட்டை பெரியது. அதன் குஞ்சு போதிய உணவுச் சேமிப்போடு ஆழத்தில் பிறக்கிறது. இதுவே அதனைக் காத்திருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுவர். நாட்டிலஸ் பேரழிவை எதிர்பார்த்து முட்டையைப் பெரிதாக்கிக் கொள்ளவில்லை. முன்பே இருந்த இயல்பு ஒன்று இக்கட்டான வேளையில் உதவிற்று.

தகவமைப்பு என்னும் சொல் பலநேரம் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. சூழல் மாறியதும் விலங்கு முயன்று தன்னை மாற்றிக்கொள்கிறது என்று எண்ணுவோர் பலர். ஓர் உயிரினத்தின் குட்டிகள் அனைத்தும் ஒன்றுபோல் பிறப்பதில்லை. அவற்றுள் புதிய சூழலுக்குப் பொருந்துவன மிகுதியாகப் பிழைத்துத் தம் இயல்பை வழித்தோன்றல்களுக்கு விட்டுச்செல்கின்றன. தலைமுறைகள் பல கடந்தபின் அவ்வினமே மாறியிருப்பதைக் காண்கிறோம். மாற்றத்திற்கு வேண்டிய முதற்பொருள் காலம்.

தீவாக மிதந்த இந்தியா

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றோடு இந்தியாவும் இணைந்திருந்த பெருநிலமே கோண்டுவானா. அது பிளவுண்டு, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் பிரிந்தபின், இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தது. நகர்ச்சி விரைந்திருந்த காலத்தில் அதன் வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. நிலம் ஒன்றுக்கு அது பெருவேகமே. தென்பகுதியிலிருந்து புறப்பட்டு நிலநடுக்கோட்டைக் கடந்து ஆசியாவை முட்டும்வரை, அதன்மேல் வாழ்ந்த உயிர்கள் வெப்பமும் மழையும் மாறிக்கொண்டேயிருந்த நிலத்தில் காலம் தள்ளின.

அப்பயணத்தில் உடன்வந்த ஓர் உயிர் இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. பன்றி மூக்குப் போன்ற கூர்முகமும் ஊதிய கருநீல உடலும் கொண்ட அத்தவளையை பிஜு, பொசுயித் என்னும் அறிஞர்கள் 2003இல் அறிவியலுலகிற்கு அறிவித்தனர். அதன் குடும்பத்திற்கு நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேஷெல்ஸ் தீவுகளில் உள்ளன. உப்புநீரில் தவளையினம் அத்துணைத் தொலைவு நீந்திச் செல்ல இயலாது. இரு நிலங்களும் ஒன்றாயிருந்தபோது வாழ்ந்த மூதாதையரின் வழிவந்தவையே இவை.

எரிமலையும் வறட்சியும் கண்ட நிலத்தில் இத்தவளை எவ்வாறு நிலைத்தது? அதன் வாழ்நாளின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் கழிகிறது. கறையான்களை உண்டு வாழும் அது, மழைக்காலத்தில் இனப்பெருக்கத்திற்காகச் சில நாள் மட்டுமே வெளிவருகிறது. அதன் தலைப்பிரட்டைகள் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாதவாறு உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொள்கின்றன. 2017இல் திருவில்லிபுத்தூர்ப் பகுதியின் கிழக்குச் சரிவிலிருந்து இதன் உடன்பிறப்பினம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அது தாங்கியுள்ளது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையின் வரவையொட்டி முட்டையிட, இது வடகிழக்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. மலை ஒன்றுதான், மழை இரண்டாயிற்று, இனமும் இரண்டாயிற்று.

கல்லான காடு

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இமயம் எழுந்தது, யானை, மான், புலி ஆகியவற்றின் மூதாதையருக்கு வடக்கிலிருந்து வழி திறந்தது. அக்காலத்திற்குப் பிந்தைய சான்றுதான் புதுச்சேரிக்கு அண்மையில், விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவக்கரைக் கல்மரங்கள். 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னராத் இவற்றைக் குறித்துள்ளார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றுவெள்ளத்தில் அடித்துவரப்பட்ட அடிமரங்கள் மணலில் புதையுண்டன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகள்தோறும் புகுந்து படிந்தது. மரம் மறைந்து, அதன் வடிவம் கல்லாகி நின்றது. கிளையும் வேரும் இன்றி அடிமரங்கள் மட்டும் கிடைப்பதற்கு வெள்ளமே காரணம் என்பர். ஆண்டு வளையமும் நுண்ணறை அமைப்பும் இன்றும் தெளிவாகத் தெரிவதால் மரத்தின் குடும்பத்தைக்கூட அறிய முடிகிறது.

அவற்றுள் ஒன்று போடோகார்ப்பு என்னும் கூம்புமரக் குடும்பத்தை ஒத்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த நாகேயா என்னும் ஒரே மரம் மட்டும் தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்கிறது. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மழை மிகுந்த பசுமைக் காடுகளில் ஒடுங்கி நிற்கிறது. புதுச்சேரி–கடலூர் மணற்பாறைகளில் கிடைக்கும் குங்கிலியக் குடும்ப மரங்களும் ஈரம் நிறைந்த காட்டையே சுட்டுகின்றன. இன்று முந்திரியும் பனையும் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் வானுயர்ந்த மழைக்காடு இருந்தது.

பின்னர் உலகம் குளிர்ந்தது. மழை ஆண்டு முழுவதும் பொழியாமல் பருவத்தில் ஒடுங்கியது. 80 முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புல்வெளிகள் பரவியதை இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகள் காட்டுகின்றன. காட்டை நம்பியவை மலைக்கு ஒதுங்கின, அல்லது அழிந்தன. திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் வெளிமான் போன்றவை செழித்தன. கோடிக்கரையில் மேயும் வெளிமான் கூட்டம் அம்மாற்றத்தின் எச்சம்.

சோழமண்டலக் கரையிலோ வேறொரு காடு உருவாயிற்று. ஆண்டில் சில மாதமே மழை. எஞ்சிய மாதங்களில் கடும் வெயில். ஆயினும் இக்காடு இலையுதிர்ப்பதில்லை. காசா, வீரை, உலக்கைப்பாலை முதலிய மரங்கள் சிறிதும் தடிப்புமான இலைகளால் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் இதன் எச்சங்கள் இன்று பெரும்பாலும் கோவில் காடுகளாகவே உள்ளன. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோவிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. தெய்வத்திற்கு அஞ்சி மக்கள் கிளை ஒடிக்காதிருந்தமையே இதனைக் காத்தது. அரசின் வேலிகளைவிட அவ்வச்சம் வலியதாக இருந்திருக்கிறது.

இந்நிலத்துத் தவளைகளிலும் மண்ணில் புதைந்து வெயிலைத் தவிர்ப்பவை உண்டு. பின்காலில் மண்வெட்டி போன்ற தடிப்பு கொண்டு, பின்புறமாகவே மண்ணுள் இறங்குகின்றன. மலையின் கருநீலத் தவளைக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. ஒத்த தேவை, உறவற்ற இரு இனங்களுக்கு ஒத்த வாழ்முறையை அளித்துள்ளது. இதனையே குவிபரிணாமம் என்பர்.

புதுச்சேரியில் ஒரு வௌவால்

1816இல் புதுச்சேரிக்கு வந்த லெசனோல் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரைப் பல உயிரினங்கள் தாங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று பழந்தின்னி வௌவால். புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1820இல் தெமரே என்னும் விலங்கியலாளர் அதற்குப் பெயரிட்டார். பழந்தின்னி வௌவால்கள் பெரும்பாலும் கண்ணையும் மூக்கையுமே நம்புவதால் மரக்கிளைகளில் தங்குகின்றன. இவ்வினமோ நாவால் ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு, கும்மிருட்டிலும் வழியறிய வல்லது. குகைவாழ்வுக்கு உதவிய இத்திறன், கோவில் கோபுரத்திலும் பாழடைந்த கட்டடத்திலும் குடியேறவும் உதவிற்று. மனிதன் கட்டிய கல்லடுக்கு வௌவாலுக்கு மற்றொரு குகை.

கடந்த மாற்றங்களுக்கும் இன்றைய மாற்றத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மழைக்காடு பின்வாங்குவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. ஒதுங்கிச் செல்ல அறுபடாத நிலமும் இருந்தது. இன்று கோவில் காடுகள் வயலுக்கும் வீட்டுமனைக்கும் நடுவே தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. வேரூன்றிய மரம் ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் அதன் விதையை யாரேனும் சுமக்க வேண்டும். அத்தி, ஆல் முதலியவற்றின் சிறுவிதைகளை விழுங்கிப் பறந்து, தொலைவில் எச்சமிடும் பழந்தின்னி வௌவால்கள் இரவுதோறும் அவ்வேலையைச் செய்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை எலி, காகம் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிரிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் நிறைவேறிய திருத்தத்தின் வழி அப்பட்டியலே நீக்கப்பட்டது.