தொலைக்காட்சியை எந்த உயரத்தில் மாட்டுவது?

புதிய தொலைக்காட்சி வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சுவரில் துளையிட வந்த பணியாளர், "எவ்வளவு உயரத்தில் மாட்டட்டும்?" என்று கேட்கிறார். வீட்டார் அனைவரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவர் நின்றவாறே சுவரில் கையை வைத்து, "இங்கே சரியாக இருக்கும்" என்கிறார். நிற்பவர் கண்ணுக்கு அது சரிதான். ஆனால் அந்தத் திரையை வரும் ஆண்டுகளில் யாரும் நின்றுகொண்டு பார்க்கப் போவதில்லை.

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குக் கழுத்துவலியுடன் வருவோரிடம் தலையணை, உறக்கம், வேலை ஆகியவற்றோடு தொலைக்காட்சி இருக்குமிடத்தையும் நாங்கள் விசாரிப்பது வழக்கம். ஒரு மூதாட்டிக்குப் பல வாரங்களாகக் கழுத்துவலி. மாத்திரை உட்கொண்டால் குறையும், விட்டால் திரும்பும். எக்ஸ்ரே படத்தில் அவர் வயதுக்குரிய எலும்புத் தேய்மானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. உடன் வந்த மகன் பேச்சோடு பேச்சாக, "அம்மா தரையில் பாய் போட்டுத்தான் டிவி பார்ப்பாங்க, டாக்டர்" என்றார். திரை மாட்டப்பட்டிருந்ததோ அவர் தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில். நாள்தோறும் மாலையில் மூன்று மணி நேரம் அவர் அண்ணாந்தே இருந்திருக்கிறார்.

அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தெலும்புகளின் பின்புற மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நரம்புகள் வெளியேறும் துவாரங்கள் குறுகுகின்றன. இளம் வயதினருக்கு இது சிறு வலியோடு போகும். தேய்மானம் உள்ளவர்களுக்குத் தோள், கை வரை வலி பரவலாம், விரல்கள் மரத்துப்போகலாம், சிலருக்குத் தலைச்சுற்றலும் வரலாம். கண்ணுக்கும் கேடு உண்டு. மேல்நோக்கிப் பார்க்கையில் இமைகள் அகலத் திறந்திருப்பதால் கண்ணீர் விரைவில் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது.

ஆகவே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பார்ப்பவரின் கண். அவர் வழக்கமாக அமரும் இடத்தில், வழக்கமாக அமரும் விதத்திலேயே அமரச் செய்யுங்கள். தரையிலிருந்து அவர் கண் வரையுள்ள உயரத்தை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில் திரையின் நடுப்பகுதி, அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட பகுதி, அமைய வேண்டும். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். நாற்காலியில் அமர்பவரின் கண் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், திரையின் கீழ் விளிம்பு 83 சென்டிமீட்டரில் வரும். பலரும் இதைக் கேட்டு, "இவ்வளவு தாழ்வாகவா?" என்று வியக்கிறார்கள். ஐயமிருந்தால் துளையிடுவதற்கு முன் திரையின் அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்து, ஒரு மாலைப் பொழுது எதிரில் அமர்ந்து பாருங்கள். தாளைக் கிழிப்பது எளிது. சுவரில் விழுந்த துளையை அடைப்பது அப்படியன்று.

படுக்கையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். முதுகுப்புறம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருப்பவரின் பார்வை இயல்பாகவே சற்று மேல்நோக்கிச் செல்கிறது. அவருக்குத் தாழ்வான திரையும் துன்பமே. முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். இரட்டைக் குவியக் கண்ணாடி அணிபவரானால், படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியே பார்க்க நேர்ந்து படம் மங்கலாகவும் தெரியும். அவர் தலையணையில் தலையைத் தளர்வாக வைத்து நேரே பார்க்கட்டும். நீங்கள் சுவரில் விரலை மேலும் கீழும் நகர்த்துங்கள். விரல் அவர் பார்வைக்கு நேரே வரும் இடமே திரையின் நடு. திரையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கும் வசதியுள்ள தாங்கியை வாங்குங்கள்.

கட்டிலின் கால்மாட்டுச் சுவரே இதற்கு ஏற்றது. பக்கச் சுவரில் மாட்டினால் நோயாளி நாளெல்லாம் அந்தப் பக்கமே திரும்பிக் கிடப்பார். கழுத்து ஒருபுறமாக இறுகும். அந்தப் பக்கத்து இடுப்பிலும் தோளிலும் படுக்கைப்புண் தோன்றலாம். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தாலும், தொடர் நாடகம் தொடங்கியதும் அவர் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடுவதைப் பராமரிப்பவர்கள் அறிவார்கள். பக்கவாதத்தால் ஒரு பக்கப் பார்வையோ கவனமோ குறைந்தவர்களுக்கு மட்டும் திரையின் இடம் சிகிச்சையோடு தொடர்புடையது. அவர்களுக்கு எங்கே வைக்கலாம் என்பதை உங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுவிட்டுத் துளையிடுங்கள்.

இதனினும் முக்கியமான ஒன்று உணவு வேளை. பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர், உயரத்தில் உள்ள திரையை அண்ணாந்து பார்த்தபடியே கஞ்சி குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்து பின்னுக்கு வளைந்த நிலையில் மூச்சுக்குழாயின் வாயில் சரியாக மூடுவது கடினமாகிறது. கவனமும் வேறெங்கோ இருக்கிறது. கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் உண்டாக இதுவே போதும். இருமல் வந்தால்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டா. சிலருக்கு இருமலே வராமல் உணவு உள்ளே போய்விடும். எனவே ஊட்டும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். உண்டபின் அரை மணி நேரம் அப்படியே அமர்ந்திருக்கட்டும். அப்போது தாராளமாகப் படம் பார்க்கலாம்.

இனிச் சுவர். செங்கல் சுவரின் மேற்பூச்சு ஒன்று, ஒன்றரைச் சென்டிமீட்டர் கனமே இருக்கும். எடையைத் தாங்குவது செங்கல்லே அன்றிப் பூச்சு அன்று. ஆகவே திருகும் அதன் பிளக்கும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நன்கு இறங்க வேண்டும். துளையிடும்போது தூள் சிவப்பாக வருகிறதா என்று கவனியுங்கள். சாம்பல் நிறத் தூள் மட்டுமே வந்தால் பிடிப்பு பூச்சிலோ கற்களுக்கு இடைப்பட்ட கலவையிலோ விழுந்திருக்கக்கூடும். உள்ளீடற்ற ஹாலோ பிளாக் சுவருக்கும் ஜிப்சம் தடுப்புக்கும் அவற்றுக்குரிய தனிப் பிளக்குகள் உண்டு. செங்கல்லுக்கு உரியவை அங்கே நிற்பதில்லை. முன்னே இழுத்துத் திருப்பும் கைத்தாங்கி வாங்குவோர் ஒன்றை உணர வேண்டும்: திரை சுவரைவிட்டு விலக விலக, மேல் திருகுகளை வெளியே பிடுங்கும் விசை பெருகுகிறது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாதீர்கள். உள்ளே மின்கம்பி ஓடும். குளியலறையை ஒட்டிய சுவரானால் தண்ணீர்க் குழாயும் இருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்கலத்தில் இயங்கும் துளைக்கருவியால் வேலை செய்யச் சொல்லுங்கள்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மேசைமேல் நிற்கும் தொலைக்காட்சியைவிடச் சுவரில் உறுதியாக மாட்டியதே பாதுகாப்பானது. மேசை இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தையின் மேல் திரை சரிந்தால், அடிபடுவது பெரும்பாலும் தலையில்தான். சுவரில் மாட்டிய பின்பும் கீழே தொங்கும் கம்பியை விட்டுவைக்காதீர்கள். குழந்தையின் கை முதலில் போவது அதை நோக்கித்தான்.

ஏற்கெனவே உயரத்தில் மாட்டிவிட்டவர்கள் உடனே சுவரை உடைக்க வேண்டியதில்லை. திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நாற்காலியைச் சற்றுப் பின்தள்ளி, தலைக்கும் சாய்மானம் கொடுங்கள். அந்த மூதாட்டி வீட்டிலும் முதலில் இதைத்தான் செய்யச் சொன்னோம். பாயை விட்டு நாற்காலிக்கு வர அவர் இசையவில்லை. மகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளை வரவழைத்துத் திரையை இரண்டரை அடி கீழே இறக்கினார்.